எழும்பாத ஐந்து பேர்

நாட்டின் அதியுயர் மன்றில் நீதியரசர்கள் எழும்பும் விதத்தில் ஓர் அழகு இருந்தது என்பதை சுபோதினி ஒருபோதும் மறுத்ததில்லை. முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார்கள். அடுத்து, பக்கத்தில் இருப்பவரின் காதில் ஏதோ சொல்வார்கள். பிறகு, கலியாண வீட்டில் இன்னொரு கரண்டி பாயசம் வேண்டாம் என்று மறுப்பவரின் பணிவோடு, "தனிப்பட்ட காரணங்களின் நிமித்தம் இவ்வழக்கிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழும்புவார்கள். அவர்கள் எழும்பினால் மன்றில் உள்ள எல்லோரும் எழும்ப வேண்டும். சுபோதினியும் எழும்புவாள். பதினொரு வருஷத்தில் முப்பத்தொரு தடவை எழும்பியிருக்கிறாள்.

அவளுடைய வழக்கு பெரிய வழக்கு அல்ல. வெள்ளவத்தை ஸ்டேஷனுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் அவளுடைய கணவன் சிவானந்தன் போட்டோ கொப்பிக் கடை வைத்திருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை ஜீப்பில் நாலு பேர் வந்து ஒரு கடதாசியைப் பிரதி எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தான். கடதாசியையும் பிரதியையும் அவனையும் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் அவன் குளியலறையில் சவுக்காரத்தில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டான் என்று ஓர் அறிக்கை வந்தது. அதன் பிரதியை அவள் வேறு கடையில் எடுக்கவேண்டியிருந்தது.

அந்த மூன்று நாளும் அதே அறையில் அடைபட்டுக் கிடந்தவர் ஸஹாப்தீன். கொட்டாஞ்சேனையில் தேநீர்க்கடை வைத்திருந்தவர். வேறொரு ஸஹாப்தீனைத் தேடிப் போனவர்கள் இவரைப் பிடித்துவிட்டு, ஆள் மாறிவிட்டது என்று கண்டுபிடிக்க ஒரு கிழமை எடுத்துக்கொண்டார்கள். அங்கே குளியலறையும் இருக்கவில்லை, சவுக்காரமும் இருக்கவில்லை என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். அதைச் சொல்வதற்காகப் பதினொரு வருஷமாக ஒவ்வொரு தவணைக்கும் ஓட்டோ பிடித்து வந்தார். சுபோதினி அவரை, முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல், 'நானா' என்பாள். இப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். வருகிற நோன்பைக் காண்பது அல்லாஹ்வின் கையில் என்று டொக்டரே சொல்லிவிட்டார். அந்த டொக்டர் பௌத்தர்.

இப்படியான வழக்கை ஐந்து நீதியரசர்கள் சேர்ந்து கேட்க வேண்டும் என்பது சட்டம். மன்றில் மொத்தம் ஒன்பது பேர். அதில் ஐந்து பேர் எழும்பிவிட்டார்கள்.

சுபோதினி ஒரு தனியார் பாடசாலையின் நூலகத்தில் இருபத்தாறு வருஷம் வேலை செய்தவள். எந்தப் புத்தகம் யாரிடம் போயிற்று, ஏன் திரும்பி வரவில்லை என்று எழுதிவைப்பது அவளுக்குக் கைப்பழக்கம். எழும்பியவர்களையும் அப்படியே ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். முதலாமவர், அரச சட்டத்தரணியாக இருந்த காலத்தில், 'சிவானந்தன் வழுக்கி விழுந்தது ஐயத்துக்கு இடமற்றது' என்று வழக்குக் கோவையின் மூன்றாம் பக்கத்தில் கையொப்பமிட்டவர். இரண்டாமவர், சிவானந்தன் அடைபட்டிருந்த பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரியோடு ஒரே பாடசாலையில் கிரிக்கெட் ஆடியவர். மூன்றாமவர், சிவானந்தனின் கடையில் ஒரு தடவை மகளின் பிறப்புச் சான்றிதழைப் பிரதி எடுத்தவர். நாலாமவர், மூன்றாமவர் அதைச் சொன்னபோது பக்கத்தில் இருந்து தேநீர் குடித்தவர். ஐந்தாமவருக்கு ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் நாலு பேர் எழும்பிய பிறகு தான் மட்டும் இருந்தால் தனக்கு மனச்சாட்சி இல்லை என்று ஆட்கள் நினைப்பார்கள் என்று அஞ்சி எழும்பினார்.

"அவையளை மன்னிச்சு விடு, சுபோ. உனக்குத்தான் நிம்மதி," என்று கனடாவில் இருந்து அக்கா போனில் சொன்னாள்.

"எனக்கு நிம்மதி இருக்கு அக்கா," என்றாள் சுபோதினி. "நிம்மதியா யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்."

*

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் அரசாங்கத்துக்கு அவள்மீது இரக்கம் வந்தது. 'அதியுயர் மன்றின் நீதியரசர் எண்ணிக்கையை அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் நிலையாக நிர்ணயிப்பதற்கான விசேட குழு' அவளுக்குக் கடிதம் அனுப்பியது. ஆசனப் பற்றாக்குறையால் பாதிக்கப்பட்ட பொதுமகள் என்ற முறையில் அவள் சாட்சியமளிக்க வேண்டுமாம். எண்ணிக்கை ஏற்கெனவே இரண்டு தடவை நிலையாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. முதலில் ஏழு நிலையாக இருந்தது. பிறகு ஒன்பது நிலையாக இருந்தது.

குழு அறையில் அவள் காதில் ஒரு கருவியை மாட்டினார்கள். அதற்குள் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அவர் தன் தொழிலில் நேர்மையானவர். நடந்த எல்லாவற்றையும், ஏற்ற இறக்கமில்லாத ஒரே குரலில், தமிழில் சொன்னார்.

"கௌரவ தவிசாளர் இருமுகிறார். கௌரவ தவிசாளர் இவ்வம்மையாரை வரவேற்கிறார். வெளிநாட்டு அனுபவம் பற்றிய உபகுழு தனது அறிக்கையை முன்வைக்கிறது. உபகுழு ஐந்து நாடுகளுக்குச் சென்றது. அந்நாடுகளிலும் நீதியரசர்களை ஒன்றில் இருந்துதான் எண்ணுகிறார்கள். கௌரவ உறுப்பினர்கள் மேசையில் தட்டுகிறார்கள்."

ஓர் உறுப்பினர் இருபத்தைந்து என்றார். மாவட்டத்துக்கு ஒருவர் என்று இருந்தால் நீதி எல்லோருடைய வீட்டு வாசலுக்கும் வரும் என்பது அவருடைய வாதம். இன்னொருவர், எண் எதுவானாலும் இரட்டை எண்ணாக இருக்க வேண்டும் என்றார்.

"ஒற்றை எண் என்றால் யாரோ ஒரு தரப்புத் தோற்றுப்போகிறது," என்றது காதுக்குள் இருந்த குரல். "சில வேளைகளில் அது அரசாங்கமாகவும் இருந்துவிடுகிறது. இரட்டை எண் என்றால் பாதிக்குப் பாதி நின்று எவரும் தோற்கமாட்டார்கள். வழக்கு அப்படியே பத்திரமாக இருக்கும்."

மூன்றாமவர் ஒரு வரைபடத்தை விரித்தார். மன்றின் வாகனத் தரிப்பிடத்தில் மஞ்சள் கோடு போட்ட இடங்கள் இருபத்தொன்று. இருபத்திரண்டாவது நீதியரசர் வந்தால் அவருடைய காரை எங்கே விடுவது என்று அவர் கேட்டார். உறுப்பினர்கள் வரைபடத்தை நோக்கிக் குனிந்தார்கள். அன்று காலையில் இருந்து அங்கே கேட்கப்பட்ட கேள்விகளில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அது ஒன்றுதான். அரசியலமைப்பு மஞ்சள் கோட்டுக்குள் வந்து நின்றது. இருபத்தொன்று.

தவிசாளர் சுபோதினியின் பக்கம் திரும்பினார். "அம்மா, சிலர் என்ன சொல்கிறார்கள் என்றால், நாங்கள் எங்களுடைய ஆட்களைப் போடுவதற்காக எண்ணிக்கையைக் கூட்டுகிறோமாம். இது அபாண்டம். புதிய பன்னிரண்டு பேர் யார் என்று இன்னும் தீர்மானிக்கப்படவே இல்லை. பட்டியல் பென்சிலால்தான் எழுதப்பட்டிருக்கிறது. அவர்களில் ஒருவர்கூட எனக்குச் சொந்தமில்லை. இருவர் மனைவி வழி. ஆகவே சொல்லுங்கள், உங்களுக்கு எத்தனை பேர் வேண்டும்?"

சுபோதினி ஒலிவாங்கியைப் பார்த்தாள். "கூட்டத் தேவையில்லை, ஐயா. அஞ்சு பேர் காணும். எழும்பாத அஞ்சு பேர்."

குழுவின் செயலாளர் பேனாவோடு அவளருகே வந்தார். படிவத்தில் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் இருந்தது. எழும்பாத என்பதை எழுத இடம் இருக்கவில்லை. ஆகவே, 'பொதுமகள் மேலும் ஐவரைக் கோருகிறார்' என்று பதிவாயிற்று. அவள் கையொப்பமிட மறுத்தபோது, கையொப்பத்துக்கும் இடம் இல்லை என்று ஆறுதல் சொன்னார்கள்.

"கௌரவ தவிசாளர் கண்ணைத் துடைக்கிறார்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

*

அடுத்த ஞாயிறு பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. ஒலிவாங்கியின் முன் சுபோதினி. மேலே பெரிய எழுத்தில், '21: இந்தத் தாய்க்காக.' அவளுக்குப் பிள்ளை இல்லை என்பதை யாரும் விசாரிக்கவில்லை. வெள்ளவத்தைச் சந்தையில் கீரை விற்கும் பெண், "அக்கே, ஒயாகே பொட்டோ எக்க பத்தரே!" என்று சிங்களத்தில் வியந்து, அவள் படம் வந்த அதே பத்திரிகையால் முருங்கைக் கீரையைச் சுற்றிக் கொடுத்தாள். பஸ்ஸில் ஒருவர் அவளுக்கு எழும்பி இடம் கொடுத்தார். எழும்புகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆத்திரம் வரும்; என்றாலும் அந்த இடத்தில் அமர்ந்துகொண்டாள்.

மன்றின் பதிவாளர் கந்தோரில் பேர்னாட் என்று ஒரு லிகிதர் இருந்தான். கொட்டாஞ்சேனையில் ஸஹாப்தீனின் கடைக்குப் பின்வீடு. சின்ன வயதில் அந்தக் கடையின் பணிஸ் தின்று வளர்ந்தவன். அவன்தான் எண்ணிக்கையை இருபத்தொன்றாக்கும் சட்டமூலத்தின் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"அக்கா, விளம்பரத்தப் பாத்து சந்தோசப்படாதீங்க. ஏழாம் வாசகத்தப் பாருங்க."

ஏழாம் வாசகம் மூன்று வரி. எண்ணிக்கை இருபத்தொன்று ஆனதும், நிலுவையிலுள்ள வழக்குகள் யாவும் புதிதாக இலக்கமிடப்பட்டு வரிசையின் இறுதியில் சேர்க்கப்படும்.

"இறுதி எண்டா எப்ப வரும், தம்பி?"

"ஆறு வருசம். கெதியாப் போனா."

"அந்தப் பன்னிரண்டு பேர்?"

பேர்னாட் விரல் மடித்தான். "பதினொரு பேர் பழைய அரச சட்டத்தரணிகள். எல்லாரும் உங்கட கோவையத் தொட்டவங்க. மத்தவர் பொறுப்பதிகாரிட மச்சான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர் நல்ல மனுசன் எண்டுதான் சொல்றாங்க," என்றான்.

அன்று சுபோதினி கொப்பியை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தாள். சட்டமூலத்தையும் இரண்டு தரம் வாசித்தாள். மறுநாள் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பகுதியில் சட்டத்தரணி மர்ஸூக்கின் அறைக்குப் போனாள். மர்ஸூக் பதினொரு வருஷமாக அவளுக்காக எழும்பி, எழும்பி, இருந்து களைத்தவர். மேசையில் அப்போதுதான் வந்த பிளேன்ரீ ஆவி பறந்துகொண்டிருந்தது.

"இந்தச் சட்டமூலத்துக்கு எதிரா எந்தப் பிரசையும் மன்றுக்குப் போகலாம் எண்டு கேள்விப்பட்டன், சேர்."

"போகலாம் தங்கச்சி. பதினாலு நாளுக்குள்ள. போனா இருபத்தொரு நாளுக்குள்ள மன்று அபிப்பிராயம் சொல்லோணும். கடைசி நாள் பின்னேரம் நாலு மணிக்கு முந்தி எழுதி, முத்திரை வெச்சுக் குடுக்கோணும். இல்லாட்டி சட்டமூலம் செத்த மாதிரி. ஆனா வெல்ல மாட்டோம். அது நிச்சயம்."

"வெல்லத் தேவையில்லை. ஒரு கேள்வி கேக்கோணும். பிறப்புச் சான்றிதழ் கொப்பி எடுத்தவர் தொடர்பு இருக்கெண்டு எழும்பினவர். தங்கட எண்ணிக்கையப் பற்றின வழக்கை ஒன்பது பேரும் எப்பிடி இருந்து கேக்கிறது? அவைக்குத் தொடர்பு இல்லையோ?"

மர்ஸூக் தேநீரை வாய்க்குக் கொண்டுபோனவர், திரும்ப வைத்தார். "ஒன்பது பேரும் எழும்பினா சட்டமூலம் சாகும்," என்றார்.

"எழும்பட்டும்."

"எழும்பாம இருந்தா?"

"இருந்தா, தொடர்பு இருந்தாலும் இருக்கலாம் எண்டு அவையே சொன்னதாப் போகும். அப்ப என்ர வழக்கையும் இருந்து கேக்கட்டும்."

மர்ஸூக் வெற்றுக் கடதாசி ஒன்றை இழுத்து எடுத்தார். "தங்கச்சி, நீங்க லைப்ரரில இரிந்தீங்களா, வேற எங்கயும் இரிந்தீங்களா?"

"எனக்கு நியாயம் வேணும் சேர். அதுக்கு முதல், அவை ஒரு நாள் அந்தக் கதிரையில இருக்கிறதப் பாக்கோணும். எழும்பேலாம."

மனு இரண்டு பக்கம். பேர்னாட் அதில் முத்திரை குத்தும்போது அவசரமில்லாமல் ஆறுதலாகக் குத்தினான்; ஒரு தரம் ஊதியும் விட்டான். இருபத்தோராம் நாளுக்கான வழக்குப் பட்டியலை அச்சுக்குக் கொடுக்கிற வேலையும் அவனுடையதுதான். முதலாம் இலக்கம், எண்ணிக்கை பற்றிய மனு. இரண்டாம் இலக்கத்தில், நிலுவையில் கிடந்த ஒரு வழக்கைப் போட்டான். நிலுவை வழக்கை எந்த நாளிலும் போடலாம். யாரும் பார்ப்பதில்லை.

*

இருபத்தோராம் நாள் மன்று நிறைந்திருந்தது. பத்திரிகைக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். வெளியே நடையில் புதிய பன்னிரண்டு பேரும் குடும்பத்தோடு காத்திருந்தார்கள். சட்டமூலம் அன்றே நிறைவேறி அன்றே பதவியேற்க வேண்டும் என்று சுபநேரம் பார்த்திருந்தார்கள். ஒரு தையல்காரர் முழங்காலில் நின்று மேலங்கிகளின் விளிம்புக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார். ஸஹாப்தீனைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து பின்வரிசையில் சுபோதினிக்குப் பக்கத்தில் விட்டபோது, அவரும் பதவியேற்க வந்தவர் என்று நினைத்து ஒரு குழந்தை அவருக்குப் பூங்கொத்துக் கொடுத்தது.

மர்ஸூக் மனுவை வாசித்தார். அவர் அமர்ந்ததும் பிரதம நீதியரசர் கண்ணாடியைக் கழற்றினார். அது பழக்கம். பக்கத்தில் இருந்தவர் காதைச் சாய்த்தார். அவரும் கண்ணாடியைக் கழற்றினார். ஒன்பதாவது கண்ணாடி கழன்றபோது பிரதம நீதியரசர் சொன்னார்: "தனிப்பட்ட காரணங்களின் நிமித்தம்..."

"ஐயா!" என்றார் அரச தரப்புச் சட்டத்தரணி. அந்த மன்றில் யாரும் அப்படிக் கத்தியதில்லை. "எழும்ப வேண்டாம். தயவுசெய்து ஒருவரும் எழும்ப வேண்டாம்."

ஒன்பது பேரும் பாதி எழும்பிய நிலையில் நின்றார்கள். மன்றில் இருந்த எல்லோரும் பாதி எழும்பினார்கள்.

அரச தரப்பு தன் வாதத்தை ஒன்றரை மணி நேரம் சொன்னது. "மாண்புமிகு நீதியரசர்களே, ஒரு கையொப்பம், ஒரு பழைய சிநேகம், ஒரு நன்மை, இவை இல்லாத நீதிபதியைத் தேடினால் இந்த நாட்டில் நீதிபதியே கிடைக்கமாட்டார் என்பதை அரசாங்கம் பெருமையோடு சமர்ப்பிக்கிறது. வெளியே பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். தொடர்பு ஒரு தகைமையீனம் என்றால் அவர்களை நாங்கள் எதற்காகத் தெரிவு செய்திருப்போம்?"

மதிய உணவுக்குப் பின் ஒன்பது பேரும் வந்து அமர்ந்தார்கள். கண்ணாடிகள் மூக்கில் இருந்தன. பிரதம நீதியரசர் கட்டளையை வாசித்தார். தொடர்போ, நட்போ, நலனோ, முந்திய கையொப்பமோ ஒரு நீதியரசர் தம் ஆசனத்தில் இருப்பதற்குத் தடையல்ல. எழும்புதல் ஒரு மரியாதை மட்டுமே. அமர்தலே கடமை.

மர்ஸூக் எழும்பினார். குரலில் தேன் வடிந்தது. "மிகவும் தாழ்மையுடன் ஒரு விளக்கம். இந்த விதி தங்களுடைய எண்ணிக்கை பற்றிய இந்த வழக்குக்கு மட்டுமா, அல்லது எல்லா வழக்குகளுக்குமா?"

பிரதம நீதியரசர் வாயைத் திறந்தார். முன்வரிசையில் பத்திரிகைக்காரர்களின் பேனாக்கள் நிமிர்ந்தன. தங்களுக்காக மட்டும் ஒரு விதி செய்தார்கள் என்ற தலைப்பை அவர் அந்தப் பேனாக்களின் நுனியில் வாசித்தார்.

"எல்லா வழக்குகளுக்கும்," என்றார். "இன்று முதல். மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. எங்கள் அபிப்பிராயம் நாலு மணிக்குள் எமது அறையில் முத்திரையிடப்படும்."

பதினொரு வருஷத்தில் சுபோதினி தோற்ற முதல் வழக்கு அதுதான். மற்றது தோற்கிற அளவுக்குக்கூட வந்ததில்லை. அவள் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

அவர்கள் எழும்புவதற்கு முன் பேர்னாட் பட்டியலை உரத்து வாசித்தான். "இரண்டாம் இலக்கம். சிவானந்தன் இறப்பு தொடர்பான வழக்கு. சாட்சி ஸஹாப்தீன், ஆஜர்."

மணி இரண்டே முக்கால். முதன்முதலில் எழும்பியவரின் கை, மூன்றாம் பக்கத்தில் கையொப்பமிட்ட அதே கை, கண்ணாடிக்குப் போயிற்று. அவர் பிரதம நீதியரசரின் காதைப் பார்த்தார். அந்தக் காது சாயவில்லை. கை கண்ணாடியைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டுக் கீழே இறங்கியது.

முன்னால் தள்ளிவரப்பட்ட ஸஹாப்தீன் குர்ஆனில் கைவைத்துச் சத்தியம் செய்தார். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

"மன்று ஐந்து நிமிடம் எழும்பி, அந்த அபிப்பிராயத்தில் முத்திரையிட்டுவிட்டு..." என்று பிரதம நீதியரசர் தொடங்கினார்.

"சத்தியம் செய்த சாட்சி முன்னால் இருக்கிறார், மாண்புமிகு நீதியரசரே," என்றார் மர்ஸூக். "அமர்தலே கடமை என்று இப்போதுதான் எழுதிக்கொண்டேன். நான் பிழையாக எழுதியிருந்தால் பத்திரிகை நண்பர்களிடம் கேட்டுத் திருத்திக்கொள்கிறேன்."

முன்வரிசை தலையாட்டியது. பிரதம நீதியரசர் கதிரையில் சாய்ந்தார். வெளியே நடையில் சுபநேரத்துக்கு மேளம் தட்டிப் பார்த்தார்கள். யாரோ உள்ளே இருந்து போய் நிறுத்தினார்கள். அரச தரப்புச் சட்டத்தரணி நாலு மணியை நோக்கிப் போகும் மணிக்கூட்டையும் சாட்சியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெரியவர் சுருக்கமாகச் சொல்லலாம்," என்றார். "இரண்டு மூன்று வசனம் போதும்."

ஸஹாப்தீனுக்கு அது விளங்கியது. அவர் நல்ல மனிதர். வாழ்நாள் முழுக்க அவசரக்காரர்களுக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்தவர். ஒன்பது பேரையும் பார்த்தார், பிறகு கழுத்தைத் திருப்பிப் பின்வரிசையைத் தேடினார்.

"சுருக்கமாச் சொல்லவா, புள்ள?"

சுபோதினி எழும்பினாள். மன்றில் வேறு ஒருவரும் எழும்பவில்லை.

"இல்லை, நானா," என்றாள். "ஆறுதலாச் சொல்லுங்கோ. அவரை ஜீப்பால இறக்கினதில இருந்து சொல்லுங்கோ."

ஸஹாப்தீன் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தார்கள். மிடறு மிடறாகக் குடித்தார். குவளையைக் கீழே வைக்க இடம் தேடினார். மடியில் இருந்த பூங்கொத்தை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"அண்டைக்கு வெள்ளிக்கிழம," என்று தொடங்கினார்.